2-உம் 3-உம் ஓடும் பந்தயம்: நாகர்கோவிலில் படித்த எஸ்.எஸ்.பிள்ளை கேட்ட கேள்வி

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில் ஏறினால் தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை தாண்டி களியக்காவிளை வரும். அதோடு தமிழ்நாடு முடிகிறது. ஆனால் 1956 நவம்பர் 1-க்கு முன்னால் அங்கே எல்லை என்று ஒன்று கிடையாது. இரண்டு பக்கமும் பழைய திருவிதாங்கூர்ப் பகுதிதான். நாகர்கோவில் - திருவனந்தபுரம் ரயில் பாதை 1979-இல்தான் வந்தது. அதுவரை களியக்காவிளை வழியாகப் போகும் இந்தச் சாலைதான் இரண்டு ஊர்களையும் இணைத்த முக்கியமான வழி.

அந்தச் சாலையின் ஒரு முனையில் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. மறுமுனையில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டிலும் படித்த ஒரு மாணவர், பின்னாளில் உலகம் முழுக்கக் கணிதவியலாளர்கள் பெயர் சொல்லிப் பேசும் ஒரு கேள்வியைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை முழு விடை கிடைக்கவில்லை.

அவர் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகில் எஸ்.எஸ்.பிள்ளை. ராமானுஜனைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது. பிள்ளையைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் அவர் கேட்ட கேள்வியைப் புரிந்துகொள்ள கையில் இருக்கும் செல்போன் கால்குலேட்டரே போதும்.

அப்பா, அம்மா இல்லாத மாணவர்

தென்காசி - குற்றாலம் வட்டாரத்தில் உள்ள வல்லம் கிராமத்தில் 1901 ஏப்ரல் 5-இல் பிறந்தார் பிள்ளை. அப்பா சுப்பையா பிள்ளை, அம்மா கோமதி அம்மாள். குழந்தைக்கு ஒரு வயதானபோது அம்மா இறந்துவிட்டார். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் அப்பாவும் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் ஒரு கிராமத்துப் பையனின் படிப்பு அதோடு நின்றுபோவதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை. ஆனால் பையனின் கணக்குத் திறமையைத் தெரிந்துவைத்திருந்த ஆசிரியர் ஒருவர் கைகொடுத்தார். படிப்பு தொடர்ந்தது. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட், பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ.

1927-இல் ஆராய்ச்சி மாணவராகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் கே.ஆனந்த ராவ். ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த அதே காலத்தில் அங்கே படித்தவர் அவர். ராமானுஜன் மறைந்து 7 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர் விட்டுச்சென்ற கேள்விகளின் சூடு சென்னையில் இன்னும் ஆறவில்லை.

பிள்ளையைப் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான்: அடுக்குகள். 2, 4, 8, 16, 32 என்று ஒரு பக்கம்; 3, 9, 27, 81, 243 என்று இன்னொரு பக்கம். இந்த இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்க முடியும்?

இதுல என்ன பெரிய விஷயம் இருக்கு என்று தோன்றலாம். அதைப் பார்க்கும் முன்னால், அடுக்கு வளர்ச்சி, மடக்கை ஆகிய இரண்டையும் ஒருமுறை தூசி தட்டிக்கொள்வது நல்லது.

வட்டி குட்டி போட்டால் என்ன ஆகும்?

ஒரு ரூபாயை ஆண்டுக்கு 100 சதவீத வட்டிக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படி யாரும் தர மாட்டார்கள், கணக்குக்காக மட்டும். வருடக் கடைசியில் ஒரே தடவை வட்டி சேர்த்தால் 2 ரூபாய். மாதாமாதம் வட்டியை அசலோடு சேர்த்தால், வட்டி குட்டி போட்டு 2.61 ரூபாய். தினமும் சேர்த்தால் 2.71 ரூபாய்.

அப்படியானால் ஒவ்வொரு நொடியும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் போகுமா? போகாது. எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் 2.71828... என்ற எண்ணைத் தாண்டவே தாண்டாது. 17-ஆம் நூற்றாண்டில் ஜேக்கப் பெர்னூலி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். பின்னர் ஆய்லர் இந்த எண்ணுக்கு 'இ' என்று பெயர் வைத்தார்.

கையில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு ஏற்ற வேகத்தில் வளர்வதுதான் அடுக்கு வளர்ச்சி. பாடப்புத்தகத்தில் அடுக்குக்குறிச் சார்பு என்று வரும். கிரெடிட் கார்டு பாக்கி, மியூச்சுவல் ஃபண்டு முதலீடு, தொற்றுநோயின் ஆரம்ப நாட்கள் எல்லாம் இந்த ரகம்தான். முதலில் ஆமை மாதிரி நகரும். கவனிக்காமல் விட்டால் கைக்கு அடங்காது.

லாக் என்பது நேரம் கேட்கும் கேள்வி

இதையே திருப்பிக் கேட்டால் மடக்கை. பேச்சு வழக்கில் லாக். நொடிக்கு நொடி வட்டி சேரும் அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் 2 ரூபாயாக எவ்வளவு காலம் ஆகும்? 0.6931 ஆண்டு. அதுதான் 2-இன் இயல் மடக்கை. 3 ரூபாயாக? 1.0986 ஆண்டு. அது 3-இன் இயல் மடக்கை.

வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்ட பணம் இரட்டிப்பாக ஏறத்தாழ 10 ஆண்டு ஆகும் என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்குக்குள் ஒளிந்திருப்பதும் இந்த 0.69-தான். 0.69-ஐ 0.07-ஆல் வகுத்துப் பாருங்கள்.

லாக் செய்யும் பெரிய உதவி வேறு. பெருக்கலைக் கூட்டலாக மாற்றிவிடும். ஒரு ரூபாய் 2 ஆக 0.6931 ஆண்டு என்றால், 4 ஆக அதைப்போல இரண்டு மடங்கு, 8 ஆக மூன்று மடங்கு. எகிறிக் குதிக்கும் எண்கள் லாக் உலகத்தில் ஒரே அளவு அடி வைத்து நிதானமாக நடக்கின்றன.

இப்போது இரண்டு பேர் களியக்காவிளை சந்திப்பில் இருந்து ஒரே திசையில் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் ஒவ்வொரு அடியும் 69.31 சென்டிமீட்டர். அவர் 2-இன் ஆள். இன்னொருவரின் அடி 109.86 சென்டிமீட்டர். அவர் 3-இன் ஆள். இருவரின் காலடித் தடங்களும் எப்போதாவது ஒரே இடத்தில் விழுமா?

விழவே விழாது. 2-இன் அடுக்குகள் எல்லாம் இரட்டைப்படை. 3-இன் அடுக்குகள் எல்லாம் ஒற்றைப்படை. ஆனால் பக்கத்தில் வரும். முதல் ஆளின் 3-ஆவது அடியும் (8) இரண்டாவது ஆளின் 2-ஆவது அடியும் (9) சுமார் 12 சென்டிமீட்டர் தள்ளி விழும். 8-ஆவது அடியும் (256) 5-ஆவது அடியும் (243) சுமார் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் விழும். 84-ஆவது அடியும் 53-ஆவது அடியும் வரும்போது இருவரும் 58 மீட்டர் தாண்டியிருப்பார்கள். அப்போது தடங்களுக்கு இடையே வெறும் 2 மில்லிமீட்டர்!

அப்படியானால் 2-இன் 84-ஆம் அடுக்கும் 3-இன் 53-ஆம் அடுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. இரண்டுமே 26 இலக்க எண்கள். லாக் காட்டும் 2 மில்லிமீட்டர் என்பது 0.2 சதவீத வித்தியாசம். 26 இலக்க எண்ணில் 0.2 சதவீதம் என்றால் அதுவே ஒரு 23 இலக்க எண். லாக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒட்டி நிற்கின்றன. கழற்றிவிட்டுப் பார்த்தால் நடுவில் பெரும் பள்ளம்.

ராமானுஜன் விட்டுச்சென்ற இழை

1913-இல் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே ராமானுஜன் இதே 2, 3 அடுக்குகளைத் தொட்டிருந்தார். 2, 3 இரண்டை மட்டுமே பெருக்கிக் கிடைக்கும் எண்கள் (1, 2, 3, 4, 6, 8, 9, 12...) ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் எத்தனை இருக்கும் என்பதற்கு ஒரு வாய்பாடு தந்திருந்தார். அது முழுக்க லாக் மொழியில் இருக்கும்.

100 வரை எத்தனை? 200-இன் லாக் 5.298, 300-இன் லாக் 5.704. இரண்டையும் பெருக்கினால் 30.22. அதை 2, 0.6931, 1.0986 ஆகியவற்றின் பெருக்குத்தொகையான 1.523-ஆல் வகுத்தால் 19.84. கையால் எண்ணிப் பார்த்தால் சரியாக 20 எண்கள். ஒவ்வொன்றாக எண்ணாமலே, லாக் அட்டவணையை வைத்துக்கொண்டு இவ்வளவு பக்கத்தில் வந்துவிடலாம்.

பிள்ளை இந்த வகை எண்களை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். ஆனால் அவருடைய சொந்தக் கேள்வி ஒரு படி தள்ளி நின்றது. எண்களை எண்ணுவதோடு அவர் நிற்கவில்லை. அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்த்தார்.

சிதம்பரத்தில் 12 ஆண்டுகள்

1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதே ஆண்டு பிள்ளை அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரை அங்கேதான். அவருடைய பெரிய வேலைகள் எல்லாம் அந்த 12 ஆண்டுகளில் நடந்தவை.

1931-இல் வந்த கட்டுரையில், இரண்டு வரிசைகளின் அடுக்குகளுக்கு இடையே ஒரு அளவுக்குள் அடங்கும் இடைவெளிகள் ஏறத்தாழ எத்தனை முறை வரும் என்பதற்கு லாக்குகளால் ஆன வாய்பாடு ஒன்றைக் கொடுத்தார். அதன் உள்ளர்த்தம் எளிமையானது. எண்கள் பெருகப் பெருக இடைவெளியும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் பெருகும். பெரிய அடுக்குகள் இரண்டு தற்செயலாகப் பக்கத்தில் வந்து நின்றுவிட முடியாது. மேலே பார்த்த 26 இலக்கம், 23 இலக்கம் கதை விதிவிலக்கு அல்ல, அதுதான் விதி.

1936-இல் அடுத்த கேள்வி. ஒரே இடைவெளி இரண்டு முறை வருமா? சிறிய எண்களில் வருகிறது. 8-இல் 3 போனால் 5. 32-இல் 27 போனாலும் 5. 16-இல் 3 போனால் 13. 256-இல் 243 போனாலும் 13. இப்படி எவ்வளவு தூரம் போகும்?

2, 3 மாதிரி பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு எண்களை எடுத்தாலும், ஒரு வரம்புக்கு மேலே எந்த இடைவெளியும் இரண்டாம் முறை வராது என்று பிள்ளை நிரூபித்தார். ஆனால் அந்த வரம்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல அன்றைய கணிதத்தில் கருவி இல்லை. 2-க்கும் 3-க்கும் மட்டும் அது 13 என்று அவர் ஊகித்தார். 13-க்கு மேல் 2-இன் அடுக்கில் இருந்து 3-இன் அடுக்கைக் கழித்து வரும் எந்த எண்ணும் இன்னொரு முறை வராது என்பது அவர் ஊகம்.

சில்லறைக் கணக்கு

இதற்கு நடுவே வேறொரு மலையையும் ஏறினார் பிள்ளை. அதன் பெயர் வாரிங் கணக்கு. 1770-இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் எட்வர்ட் வாரிங் கிளப்பிய கேள்வி அது. பஸ் கண்டக்டருக்கு நன்றாகப் புரியக்கூடிய சில்லறைப் பிரச்சினை மாதிரி.

ஒரு நாட்டில் 1, 64, 729, 4096 ரூபாய் என்று, அதாவது 6-ஆம் அடுக்கு எண்களில் மட்டும்தான் நாணயம் அடிக்கிறார்கள். எந்தத் தொகையைச் சொன்னாலும் சரியான சில்லறை கொடுக்க அதிகபட்சம் எத்தனை நாணயம் வேண்டும்?

மிக மோசமான தொகைகளில் ஒன்று 703. 729 நாணயத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் அதைப் பயன்படுத்த முடியாது. 64 ரூபாய் நாணயம் 10 கொடுத்தால் 640. மீதி 63-க்கு ஒரு ரூபாய் நாணயங்கள்தான். மொத்தம் 73 நாணயம். ஆக, 73-க்குக் குறைவாக வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. ஆனால் எல்லாத் தொகைக்கும் 73 போதுமா? அதைக் காட்டுவதுதான் கஷ்டம். எண்ணற்ற தொகைகள் இருக்கின்றனவே!

போதும் என்று 1940-இல் பிள்ளை நிரூபித்தார். 6-க்கு மேற்பட்ட அடுக்குகளுக்கான பொது விடையை அதற்கு முன்பே, 1936 வாக்கில் எட்டிவிட்டார். அந்த விடை இப்படி இருக்கும்: 2-இன் அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரையின் அதே அடுக்கைக் கணக்கிட்டு, பின்னத்தை விட்டுவிட்டு முழு எண்ணை மட்டும் அதோடு கூட்டுங்கள். 2-ஐக் கழியுங்கள். 6-ஆம் அடுக்குக்கு 64, 11, கழித்தல் 2. விடை 73.

ஒன்றரையின் அடுக்கு என்பது 3-இன் அடுக்கை 2-இன் அடுக்கால் வகுப்பதுதானே? அதே 2, 3 பந்தயம் வேறு வேஷத்தில். வாய்பாட்டில் இருக்கும் ஒரே நிபந்தனையும் அங்கேதான். ஒன்றரையின் அடுக்கு ஒரு முழு எண்ணை எட்ட மயிரிழை பாக்கி என்கிற அளவுக்கு நெருங்கிவிடக் கூடாது. அப்படி நெருங்குவது அதிகபட்சம் சில தடவைகள்தான் நடக்க முடியும் என்று 1957-இல் கர்ட் மாலர் காட்டினார். 47 கோடி அடுக்குகளைத் தாண்டிக் கம்ப்யூட்டரில் தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்ற நிரூபணம் இன்னும் இல்லை.

சிதம்பரமும் சிகாகோவும்

பிள்ளை சிதம்பரத்தில் உட்கார்ந்து இந்த விடையை எட்டிய அதே காலத்தில், சிகாகோ பல்கலைக்கழகத்தில் லியனார்ட் டிக்சன் என்ற மூத்த கணிதவியலாளரும் அதே விடைக்கு வந்து சேர்ந்தார். ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தெரியாது. இருவரும் ரஷ்யாவின் வினோகிராடோவ் தந்த புதிய முறைகளைப் பயன்படுத்தியிருந்தார்கள்.

டிக்சன் எண் கோட்பாட்டு வரலாற்றையே எழுதியவர். அமெரிக்காவின் பெரிய துறை அவர் பின்னால் இருந்தது. பிள்ளையின் கட்டுரைகள் பெரும்பாலும் இந்திய இதழ்களில் வெளியானவை. இன்று இந்த விடையைச் சொல்லும்போது இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்த விரிவுரையாளருக்கு அது சும்மா கிடைத்த இடம் அல்ல. சிறு அடுக்குகளில் பாக்கி இருந்த 5-ஆம் அடுக்கை 1964-இல் சீனாவின் சென் ஜிங்ருன் முடித்தார். 4-ஆம் அடுக்கை, பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரான ஆர்.பாலசுப்ரமணியன் இரண்டு பிரெஞ்சு கணிதவியலாளர்களோடு சேர்ந்து 1986-இல் முடித்தார். வாரிங் கேட்டு 200 ஆண்டுகள் தாண்டிவிட்டன.

பிள்ளை 1941-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாணவராக இருந்த திருவனந்தபுரத்துக்கே ஆசிரியராகத் திரும்பினார். ஓராண்டில் கல்கத்தா பல்கலைக்கழகம் அழைத்தது. 2, 3 அடுக்குகள் பற்றிய அவருடைய 1945 கட்டுரை கல்கத்தா இதழில்தான் வந்தது.

கெய்ரோவோடு நின்ற பயணம்

1950-இல் இரண்டு அழைப்புகள் வந்தன. ஐன்ஸ்டைன் இருந்த பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆராய்ச்சி செய்ய ஒன்று. ஹார்வர்டில் நடக்கும் சர்வதேச கணித மாநாட்டில் கலந்துகொள்ள இன்னொன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நடக்கும் முதல் மாநாடு அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகக் கிளம்பினார். பள்ளிப் படிப்பே பாதியில் நின்றிருக்க வேண்டிய வல்லம் பையன், உலகத்தின் முன்னணிக் கணிதவியலாளர்களுக்கு எதிரே உட்காரப் போகிறார்.

அவர் போய்ச் சேரவில்லை. ஆகஸ்ட் 31 அன்று, மும்பையில் இருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் செல்ல வேண்டிய டிடபிள்யூஏ விமானம், கெய்ரோவில் இருந்து கிளம்பிய சற்று நேரத்தில் இன்ஜினில் தீப்பிடித்துப் பாலைவனத்தில் விழுந்தது. 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மாநாடு அதற்கு முந்தைய நாள்தான் தொடங்கியிருந்தது. பிள்ளைக்கு வயது 49.

அவருடைய கட்டுரைகள் பல பழைய இதழ்களில் சிதறிக் கிடந்தன. அவை முழுமையாகத் தொகுக்கப்பட்டு வெளிவர 2010 ஆனது. 60 ஆண்டுகள்.

ஊகம் என்ன ஆச்சு?

13 பற்றிய ஊகம் சரியென்று 1982-இல் ஸ்ட்ரோக்கர், டைட்மன் என்ற இரு டச்சு கணிதவியலாளர்கள் நிரூபித்தார்கள். பிள்ளையின் கையில் இல்லாத கருவி அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அதைச் செய்தவர் ஆலன் பேக்கர். 1970-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர். அந்தக் கருவி என்ன தெரியுமா? லாக்குகள்தான். 84 மடங்கு ஒரு லாக், 53 மடங்கு இன்னொரு லாக், இந்த இரண்டின் வித்தியாசம் எவ்வளவு சிறிதாகலாம் என்பதற்கு ஒரு திட்டவட்டமான எல்லை போட்டார் பேக்கர். காலடித் தடங்கள் இதற்கு மேல் நெருங்காது என்று கோடு கிழித்த மாதிரி.

ஆனால் பிள்ளையின் பெயரால் அழைக்கப்படும் பெரிய ஊகம் இதுவல்ல. அது 2, 3-ஐ மட்டும் பேசாது. எல்லா எண்களின் வர்க்கம், கனம், அதற்கு மேற்பட்ட அடுக்குகள் அத்தனையையும் வரிசையாக நிறுத்துங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36... எந்த ஒரு இடைவெளியை எடுத்தாலும் அது சில தடவைகள்தான் வரும், முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வராது. இதுதான் பிள்ளை ஊகம்.

இடைவெளி 1 என்றால் 8, 9 என்ற ஒரே ஜோடிதான் என்று 1844-இல் கேடலான் ஊகித்தார். 2002-இல் மிஹைலெஸ்கு அதை நிரூபித்தார். மற்ற இடைவெளிகள்? இடைவெளி 2 என்றால் 25, 27 ஜோடி நமக்குத் தெரியும். வேறு யாரும் இன்னொரு ஜோடியைக் கண்டதில்லை. ஆனால் இனி வரவே வராது என்றோ, வந்தாலும் ஒரு நாள் நின்றுவிடும் என்றோ யாராலும் இதுவரை நிரூபிக்க முடியவில்லை. 2-க்குத் தெரியாது, 3-க்குத் தெரியாது, 4-க்கும் தெரியாது. 1-ஐத் தவிர ஒரு இடைவெளிக்குக்கூட விடை இல்லை.